ஓவன் தயாரிப்பாளர்களே, பழைய கப்போர்டையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்

கப்போர்டுக்குள் பொருத்துகிற பில்ட்-இன் ஓவன்களைத் தயாரித்து விற்கும் நிறுவனங்களுக்கு,

வணக்கம். புதிதாகச் சமையலறை அமைப்பவர்களுக்கு உங்களால் பெரிய சிக்கல் இல்லை. அவர்கள் முதலில் ஓவனைப் பார்த்து வைத்துக்கொண்டு அப்புறம் அதற்கேற்ற மாதிரி கப்போர்டு செய்துகொள்கிறார்கள். நான் எழுதுவது மற்றவர்களுக்காக. அதாவது கப்போர்டு பல வருடமாக அங்கேயே இருக்கிறது, உள்ளே இருந்த ஓவன்தான் போய்விட்டது, ஒரு பக்கம் சுவர், மறு பக்கம் ஃபிரிட்ஜ், எதையும் அரை அங்குலம்கூட நகர்த்த வழியில்லை. நானும் இப்போது அந்த நிலையில்தான் இருக்கிறேன். எங்களைப் போன்றவர்களுக்கு வேண்டிய தகவலை நீங்கள் வெளியே தெரிகிற இடத்தில் வைப்பதே இல்லை.

உங்கள் விளம்பரங்களில் கொட்டை எழுத்தில் இருப்பது '60 செ.மீ. ஓவன்'. எது 60? முகப்பு பெரும்பாலும் 59.5 செ.மீ. அகலம். அது கப்போர்டுக்கு வெளியே நிற்கிற பகுதி. உள்ளே போகிற பெட்டி 56-க்குள் அடங்குகிறது, அதற்குத் தேவையான திறப்பு 56 முதல் 56.8 வரை. 60 செ.மீ. கப்போர்டில் இரு பக்கமும் 16 மி.மீ. பலகை இருந்தால் உள்ளே 56.8 கிடைக்கும், 18 மி.மீ. என்றால் 56.4, ஆக உங்கள் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் யாரோ ஒரு கார்பென்டர் கெட்டியாக இருக்கட்டும் என்று 25 மி.மீ. பலகை போட்டுச் செய்திருந்தால் மிஞ்சுவது 55தான். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுமே 60 செ.மீ. கப்போர்டு. முப்பது நாற்பது கிலோ எடையை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்து கப்போர்டின் திறப்பில் வைத்துத் தள்ளும்போதுதான் ஒரு சென்டிமீட்டர் இடிக்கிறது என்று தெரியவரும். போதாக்குறைக்குப் பழைய பலகைகள் நடுவில் உப்பியிருக்கும், மேலே 56.2 இருக்கிற இடம் நடுவில் 55.8 ஆக இருக்கும். "மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில் அளந்து, அதில் குறைந்ததை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரே ஒரு வரி உங்கள் விற்பனைப் பக்கத்தில் இருந்தால் எத்தனை பேருக்கு உதவும்!

உயரம் இன்னொரு தலைவலி. முழு அளவு ஓவனுக்கு 58.5-லிருந்து 60 செ.மீ. வரை திறப்பு வேண்டும், அடுத்த அளவு நேராக 45-க்கு இறங்கிவிடுகிறது. நடுவில் 55, 57 என்று இருக்கிற பழைய திறப்புகளுக்கு எதுவும் பொருந்தாது. 45 செ.மீ. ஓவனை வைத்துவிட்டு மீதி இடத்தைப் பலகை வைத்து மூடலாம்தான், ஆனால் 70 லிட்டர் கொள்ளளவு 45 லிட்டர் பக்கம் வந்துவிடும். வட அமெரிக்க அளவுகளிலும் இதே கதைதான். அங்கே 24, 27, 30 அங்குலம் என்று அகலங்கள் உண்டு, பழைய 27 அங்குலத் திறப்பு உள்ளவர்களுக்கு இன்று தேர்வு மிகக் குறைவு. உங்களில் சிலர் இடைவெளியை மூட ட்ரிம் கிட் விற்கிறீர்கள், அதற்கு நன்றி. அதை எல்லாரும் எல்லா மாடலுக்கும் தரலாமே.

அப்புறம் பின்பக்கம். கடைக்காரர்கள் யாரும் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை. ஆழம் இத்தனை என்று போடுகிறீர்கள், கைப்பிடியைச் சேர்த்தா சேர்க்காமலா என்று சொல்வதில்லை. ஓவனுக்குப் பின்னால் இருக்கிற பிளக் பாயின்ட்டில் பிளக்கைச் செருகினால் அதுவே நான்கைந்து செ.மீ. துருத்தி நிற்கும். பழைய ஓவனின் முதுகில் கீழ்ப்பக்கம் ஒரு பள்ளம் இருந்திருந்தால் பிளக் அதற்குள் அடங்கியிருக்கும். புதிய ஓவனின் முதுகு தட்டையாக இருந்தால் முகப்பு கப்போர்டோடு ஒட்டாமல் முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும். இதற்காக பாயின்ட்டைப் பக்கத்துக் கப்போர்டுக்கு மாற்ற எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும். பழைய ஒயர் புது ஓவனின் சுமையைத் தாங்குமா என்பதையும் அவரே பார்த்துச் சொல்ல வேண்டும். முன்பே தெரிந்தால் இதையெல்லாம் திட்டமிடலாம், ஓவன் வந்து இறங்கியபின் தெரிந்தால் அது ஹாலில்தான் கிடக்கும்.

காற்றோட்டத்தையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். ஓவனுக்குள் இருக்கிற குளிர்விக்கும் விசிறி வேலை செய்யப் பின்னால் இடைவெளி வேண்டும், கப்போர்டின் முதுகுப் பலகையையே எடுத்துவிடச் சொல்கிற மாடல்களும் உண்டு. ஒட்டியிருக்கும் பலகைகள் சுமார் 90 டிகிரி செல்சியஸ் தாங்க வேண்டும் என்று உங்கள் கையேடுகளிலேயே பார்த்திருக்கிறேன். இடம் நெருக்கமான சமையலறையில் இது பாதுகாப்பு சம்பந்தப்பட்ட விஷயம். பணம் கட்டிய பிறகு பெட்டியைப் பிரித்துப் படித்துத் தெரிந்துகொள்கிற மாதிரி வைக்காதீர்கள்.

கதவைப் பற்றியும் ஒரு வார்த்தை. கீழ்நோக்கித் திறக்கிற கதவு முன்னால் அரை மீட்டர் இடத்தை எடுத்துக்கொள்கிறது, குறுகிய சமையலறையில் சூடான தட்டோடு நிற்க இடமே இருக்காது. பக்கவாட்டில் திறக்கிற மாடல்களை இன்னும் அதிகமாக, இடது வலது இரண்டு பக்கத்துக்கும் செய்யுங்கள்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது வேறொன்று. ஹீட்டிங் எலிமென்ட், தெர்மோஸ்டாட், கதவின் கீல், ரப்பர் கேஸ்கெட் எல்லாமே மாற்றக்கூடிய பாகங்கள். பல வீடுகளில் எலக்ட்ரானிக் போர்டு ஒன்று கிடைக்காததால்தான் நல்ல ஓவன் முழுதாக வெளியே போகிறது. எங்களைப் போன்ற வீடுகளில் அதோடு கப்போர்டும் போகிறது, சில நேரம் மேலே இருக்கிற மேடைக் கல்லும் போகிறது. பாகங்களை இன்னும் பல வருடம் விற்றுக்கொண்டிருங்கள்.

ஐரோப்பாவில் கிச்சன் கப்போர்டும் கருவிகளும் ஒன்றோடொன்று பொருந்துவதற்கென்றே ஈ.என். 1116 என்ற தர அளவு இருக்கிறது. ஆகவே அளவை ஒத்துப்போக வைப்பது உங்களுக்குப் புதிய வேலை இல்லை. திறப்பின் குறைந்தபட்ச, அதிகபட்ச அளவு, பிளக் எங்கே இருக்கலாம், எங்கே இருக்கக் கூடாது, பின்னால் எவ்வளவு காலி இடம் வேண்டும் என்று எல்லாம் காட்டுகிற வரைபடம் உங்கள் கையேட்டில் ஏற்கெனவே இருக்கிறது. அதை விற்பனைப் பக்கத்தில் முதல் படமாகப் போடுங்கள். கேக் படம் இரண்டாவதாக வரட்டும்.

இப்படிக்கு,
பழைய கப்போர்டுக்குப் புது ஓவன் தேடும் வாடிக்கையாளர்