அந்த டோக்கனை எடுத்துவிடுங்கள்

பலமாடி ஜவுளிக்கடை உரிமையாளர்களுக்கு,

வணக்கம். சென்ற தீபாவளிக் கூட்டத்தைச் சாக்கிட்டுச் சில கடைகளில் ஊழியர்களுக்கு வந்த கழிவறை டோக்கன், பண்டிகை முடிந்தும் சூப்பர்வைசர் மேசையிலேயே தொங்குகிறது. தளத்துக்கு ஒன்று. போனவர் திரும்பினால்தான் அடுத்தவர் போகலாம். அதை எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

சேலைப் பிரிவு முதல் தளத்தில், ஊழியர் கழிவறை மொட்டைமாடியில். லிஃப்ட் வாடிக்கையாளருக்கு மட்டும். படியேறி, வரிசையில் நின்று, இறங்கிவர, கொடுக்கும் பத்து நிமிடம் போதாது. தாண்டினால் நோட்டில் பெயர் ஏறும். அங்கே வேலை செய்யும் பெண் என்ன செய்வார்? தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார். காலை டிபனோடு ஒரு டம்ளர், மதியம் அரை டம்ளர், அவ்வளவுதான். பையில் தண்ணீர் பாட்டில் நிறைந்தே இருக்கும், மூடி திறந்திருக்காது.

பெண்களுக்குச் சிறுநீர் வெளியேறும் குழாய் சுமார் 4 செ.மீ.தான். குடலில் இருக்கும் ஈ.கோலை கிருமி அதில் ஏறுவது சுலபம். சிறுநீர் அடிக்கடி போனால் கிருமியும் அடித்துக்கொண்டு போகும். அடக்கினால் அது பெருக நேரம் கிடைக்கும். அடிக்கடி இந்தச் சிறுநீர்த் தொற்று வரும், தண்ணீர் குறைவாகக் குடிக்கும், மாதவிலக்கு நிற்காத வயதுப் பெண்கள் 140 பேரிடம் நடந்த ஆய்வு 2018-இல் வெளியானது. தினம் 1.5 லிட்டர் கூடுதலாகக் குடித்தவர்களுக்கு ஓராண்டில் சராசரியாக 1.7 முறை தொற்று வந்தது; மற்றவர்களுக்கு 3.2 முறை. மருந்தில்லை, தண்ணீர்தான்.

நீர்க்கடுப்பு வந்ததும் மெடிக்கலில் இரண்டு மாத்திரை வாங்கிப் போடுகிறார்கள். எரிச்சல் அடங்கியதும் நிறுத்திவிடுகிறார்கள். மீந்த கிருமி மறுபடி தலைதூக்குகிறது. எந்தக் கிருமி என்று கண்டறியும் கல்ச்சர் சோதனை பார்க்க வேண்டுமானால் ஆன்டிபயாடிக் தொடங்குமுன், முதலில் வருவதை விட்டு நடுவில் வரும் சிறுநீரைப் பிடித்து, இரண்டு மணி நேரத்துக்குள் லேபில் கொடுக்க வேண்டும். அதற்கு அரைநாள் லீவு யார் தருவார்? குளிர்காய்ச்சலும் விலாவில் வலியும் வந்தால் தொற்று சிறுநீரகம் வரை போயிருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். கர்ப்பிணிகளுக்கு எரிச்சலே இல்லாமலும் கிருமி இருக்கலாம், குறைப்பிரசவம் வரை கொண்டுபோகலாம்.

உட்கார நாற்காலி கொடுங்கள் என்பதற்கே 2021-இல் இங்கே தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் தேவைப்பட்டது. நாற்காலி வந்தது; பல இடங்களில் அதன்மேல் சட்டைப்பெட்டிகள் சொகுசாக உட்கார்ந்திருக்கின்றன. பட்டுக்கு ஏசி, பொம்மைக்கு விளக்கு, மடிக்கும் கைக்குக் கேமரா. கழிவறைக் கதவின் தாழ்ப்பாளுக்கு மட்டும் பட்ஜெட் இல்லை போலும்.

கோபத்தில் வழி மாறிவிட்டோம், மன்னிக்கவும். கேட்பது சிறியது. டோக்கனை எடுங்கள். தளத்துக்கு ஒருவரை மாற்றாளாக வையுங்கள். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறையாவது யாரிடமும் கேட்காமல் போய்வர முடியட்டும். குடிநீர் அந்தத் தளத்திலேயே இருக்கட்டும். கழிவறையில் குழாய்த் தண்ணீர், மூடியுள்ள குப்பைத்தொட்டி, தாழ்ப்பாள் வேண்டும். ஆடித் தள்ளுபடிக் கூட்டம் தொடங்குமுன் செய்துகொடுத்தால் நன்றியுடையவர்களாக இருப்போம்.

இப்படிக்கு,
பெண்கள் நல மருத்துவப் பணியாளர்கள் சிலர்