இருபத்தேழாவது வாரம்: தனியார் நிறுவன மனிதவளத் துறையினருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுத் தனியார் நிறுவனங்களின் மனிதவள அதிகாரிகளுக்கும் குழுத் தலைவர்களுக்கும்,

வணக்கம்.

மகப்பேறு விடுப்பு முடிய ஒரு வாரம் இருக்கும்போது உங்களுக்கு வரும் மின்னஞ்சல் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். "குழந்தைக்கு உடம்பு சரியில்லை, இன்னும் ஒரு மாதம் சம்பளமில்லா விடுப்பு கிடைக்குமா?" அடுத்த மாதம் மறுபடி அதே கேள்வி. மூன்றாவதாக வருவது ராஜினாமா. கோப்பில் 'சொந்தக் காரணம்' என்று எழுதி மூடிவிடுகிறீர்கள். 'பிள்ளை பிறந்ததும் வேலையில் நாட்டம் போய்விட்டது' என்று தேநீர் வேளையில் யாராவது தீர்ப்பும் சொல்லிவிடுவார்கள். பாலூட்டல் ஆலோசனை, தொழிற்கூடச் செவிலியம், தொழிலாளர் சட்டம் இவற்றில் வேலை பார்க்கும் எங்களுக்கு அந்தத் தயக்கம் பெரும்பாலும் கணக்கு உதைப்பதாகவே தெரிகிறது. வாரக் கணக்கு, மில்லிலிட்டர் கணக்கு, கிலோமீட்டர் கணக்கு. மூன்றையும் திருத்தும் இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள்.

வாரக் கணக்கைப் பாருங்கள். 1961 மகப்பேறு நலச் சட்டத்தில் 12 வாரமாக இருந்த விடுப்பு, 2017 திருத்தத்தில் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரமானது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் அதையே வைத்திருக்கிறது. இதில் 8 வாரம் வரை பேறுக்கு முன்பே எடுக்கலாம். இரத்த அழுத்தம், சர்க்கரை, நீர் குறைவு என்று சொல்லி மருத்துவர் எட்டாம் மாதமே படுக்கச் சொல்லிவிட்டால் எடுத்துத்தான் ஆகவேண்டும். 26இல் 8 போனால் 18. அவர் வேலைக்கு வரவேண்டிய நாளில் குழந்தைக்கு நான்கு மாதம் முடிந்து சில நாள்தான் ஆகியிருக்கும். ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும் என்று அரசு மருத்துவமனைச் சுவரெல்லாம் எழுதிப் போட்டிருக்கிறோம். அந்தக் குழந்தைக்கு இட்லியை மசித்து ஊட்டவும் முடியாது, அம்மாவும் பக்கத்தில் இல்லை. தமிழ்நாடு அரசு தன் ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் 12 மாதம் தருகிறது. ஒரே தெருவில் ஒரே மாதம் பிள்ளை பெற்ற இருவரில், அரசுப் பள்ளி ஆசிரியை குழந்தை நடை பழகும்போது வேலைக்குத் திரும்புகிறார். உங்கள் ஊழியர் குழந்தை குப்புற விழும்போதே திரும்பிவிடவேண்டும்.

அந்த இடைவெளியை நிரப்பச் சட்டத்திலேயே வழிகள் உண்டு. விடுப்புக் கடிதத்தில்தான் அவை இடம்பெறுவதில்லை. விடுப்பு முடிந்த பின், வேலையின் தன்மை இடம்கொடுத்தால், இருதரப்பும் பேசி வீட்டிலிருந்து வேலை பார்க்கலாம். பேறு காரணமாக நோய் இருந்தால் மருத்துவச் சான்றுடன் கூடுதலாக ஒரு மாதம் வரை ஊதியத்தோடு விடுப்பு உண்டு. தையல் ஆறாமல் அவதிப்படும் பெண் இதை அறியாமல் சம்பளமில்லா விடுப்புக்கு விண்ணப்பித்தால், அவரைத் திருத்தவேண்டியது உங்கள் பொறுப்பு. இன்னொன்றும் உண்டு. மாதம் 21,000 ரூபாய்வரை சம்பளம் வாங்கி ஈஎஸ்ஐ என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் இருப்பவருக்கு விடுப்புக்கால ஊதியத்தைத் தருவது ஈஎஸ்ஐ கழகம். பனியன் கம்பெனி முதலாளி 'கைக்காசு போகிறது' என்று சொல்வதற்கு இதில் இடமில்லை.

நம் ஊர் வழக்கம் ஒன்றும் இந்த வாரக் கணக்கில் கலந்திருக்கிறது. தலைப்பிரசவம் தாய்வீட்டில். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ பிள்ளையைக் கொண்டுவந்து விடுவார்கள். அதுவரை குளிப்பாட்டவும் இரவில் தோளில் போட்டு நடக்கவும் கூடவே இருந்த அம்மா திருநெல்வேலியிலோ தர்மபுரியிலோ இருக்க, மகள் சென்னையில் தனியாகப் பிள்ளையோடு நிற்கும் அதே மாதத்தில் உங்கள் அழைப்பும் வருகிறது. 2024 ஆகஸ்டில், மகப்பேறு விடுப்பு முடிந்து திரும்பும் பெண் காவலர்களுக்கு மூன்றாண்டுக்குப் பெற்றோர் அல்லது கணவர் வீட்டார் இருக்கும் மாவட்டத்திலேயே பணி என்று முதலமைச்சர் அறிவித்தார். காவல் துறைக்கே அது முடியுமென்றால், கோவையிலும் மதுரையிலும் கிளை வைத்திருக்கும் நிறுவனம் ஆறு மாதத்துக்கு ஒரு நாற்காலி மாற்றித் தர முடியாதா?

இனி மில்லிலிட்டர் கணக்கு. உணவு இடைவேளை சேர்த்து ஒன்பது மணி நேர வேலை, போக ஒன்றரை, வர ஒன்றரை: தாய் வீட்டில் இல்லாத நேரம் 12 மணி. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு அவர் இல்லாத ஒவ்வொரு மணிக்கும் ஏறத்தாழ 30 மில்லி என்று வைத்தால் 360 மில்லி வேண்டும். ஒரு முறை பீய்ச்சினால் 60 முதல் 120 மில்லி வரும். ஆக அலுவலகத்தில் குறைந்தது மூன்று முறை. இரட்டை மின் பம்ப் என்றால் 15, 20 நிமிடம்; கைப்பம்ப் என்றால் இருபுறமும் முடிக்க அரை மணி. கழுவ, மூடி எழுத, நடக்க இன்னும் பத்து நிமிடம். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை வழக்கமான ஓய்வு நேரம் போக நாளுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளை தரச் சொல்கிறது சட்டம். மூன்றாவதை மதிய உணவு நேரத்தில் அடக்கிக்கொள்ளலாம். காலை 11, மதியம் 2, மாலை 5 என்று அவர் நாட்காட்டியில் பூட்டிவிடுங்கள். 11 மணிக் கூட்டம் 'பத்தே நிமிடம்' நீண்டால் என்ன ஆகும் என்று குழுத் தலைவர்களுக்குத் தெரியவேண்டும். பால் கட்டும், மார்பு கல்லாகும், கட்டி விழும், இரண்டு நாளில் குளிர்காய்ச்சலோடு மார்பழற்சி. தேங்கிய பாலைக் கண்டு 'இவ்வளவு வேண்டாம்' என்று உடம்பு சுரப்பையும் குறைத்துக்கொள்ளும். மூன்று வாரம் இப்படிப் போனால் பால் வற்றிவிட்டது என்பார்கள். வற்றியதல்ல, வற்றவைத்தது.

2015லேயே தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறை வந்துவிட்டது. கண்ணாடிக் கட்டடங்களில் இன்னும் கழிப்பறையைக் காட்டுகிறார்கள். கழிப்பறையில் உங்கள் மதிய உணவைத் தயாரிப்பீர்களா? பெரிய அறை தேவையில்லை, ஆறடிக்கு எட்டடி போதும். உள்ளிருந்து போடும் தாழ்ப்பாள், சாய்ந்து உட்கார நாற்காலி, கையெட்டும் தூரத்தில் மின்செருகி, சிறு மேசை, பக்கத்திலேயே கை கழுவும் தொட்டி. கண்காணிப்புக் கேமரா இல்லை என்பதை எழுத்தில் கொடுங்கள்.

குளிர்சாதனப் பெட்டி தனியாக இருக்கட்டும். பொதுப் பெட்டியில் சாம்பார் டப்பாவுக்காக நிமிடத்துக்கு ஒருமுறை கதவு திறக்கும். வெள்ளிக்கிழமை துப்புரவில் யாரோ எடுத்துக் கொட்டியும் விடுவார்கள். பீய்ச்சிய பால் 4 டிகிரியில் 4 நாள் தாங்கும். கதவுத் தட்டில் வைக்காமல் உட்புறம் வைக்கவேண்டும். பெயரும் நேரமும் எழுதவேண்டும். வெளியில் 4 மணி நேரம் என்பது 25 டிகிரிக்குச் சொன்ன கணக்கு. தகரக் கூரையின் கீழ் ஓடும் தையல் கூடத்தில் அதை நம்பக்கூடாது. பீய்ச்சியதும் குளிரில் வைத்துவிடவேண்டும். வீடு திரும்பும் வழிக்கு உறைந்த ஐஸ் ஜெல் கட்டிகளோடு ஒரு காப்புப் பை போதும். அந்தக் கட்டிகள் இரவெல்லாம் அலுவலகப் பெட்டியில் உறைய வேண்டுமென்பதால், மாலையில் மாடியின் மின்சாரத்தை மொத்தமாக அணைக்கும் காவலாளிக்கு அந்த ஒரு செருகியைக் காட்டிவையுங்கள். பம்ப் திடீரென்று பால் இழுக்கவில்லை என்றால் மோட்டாரைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் தேய்ந்த சிலிக்கோன் வால்வுதான் காரணம். முதலுதவிப் பெட்டியில் உதிரியாக இரண்டு வாங்கி வையுங்கள்.

வீட்டில் புட்டியைத் தொடாத பிள்ளைகள் உண்டு. பாலாடையிலோ சிறு கிண்ணத்திலோ குடிக்கப் பழக இரண்டு வாரம் பிடிக்கும், அதையும் அம்மா அல்லாத ஒருவர் ஊட்டினால்தான். எனவே பணிக்குத் திரும்பும் தேதியைக் கடைசி நேரத்தில் முன்னே இழுக்காதீர்கள்.

காப்பகம். 50 ஊழியரோ அதற்கு மேலோ இருந்தால் காப்பக வசதி கட்டாயம். தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம். 2018இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல் காப்பகம் பணியிடத்திலோ 500 மீட்டருக்குள்ளோ இருக்கவேண்டும் என்கிறது. பழைய மாமல்லபுரம் சாலையில் (ஓஎம்ஆர்) அலுவலகம், 8 கிலோமீட்டர் தள்ளி 'ஒப்பந்தக் காப்பகம்' என்றால், நான்கு முறை போய்வர 64 கிலோமீட்டர். ஆய்வுக்கு வருபவரிடம் காட்டத்தான் அந்த ஒப்பந்தம் உதவும். அதே வழிகாட்டுதல் ஆறு மாதத்திலிருந்துதான் குழந்தையைச் சேர்க்கச் சொல்கிறது. மேலே சொன்ன நான்கு மாதக் குழந்தைக்கு அங்கேயும் இடமில்லை, கவனித்தீர்களா? மூன்று வயதுக்குட்பட்ட பத்துக் குழந்தைகளுக்கு ஒருவர் என்பது ஏட்டுக் கணக்கு. தீ விபத்து நேர்ந்தால் ஓர் ஆயா இரண்டு கையில் எத்தனை கைக்குழந்தையைத் தூக்குவார்? ஒரு வயதுக்குட்பட்டவர்களுக்கு மூவருக்கு ஒருவர் என்று வையுங்கள் என்பது எங்கள் வாதம்.

காசு செலவில்லாத ஒன்று: அலுவலக வண்டியின் வரிசை. பாலூட்டும் தாயைக் காலையில் கடைசியாக ஏற்றி, மாலையில் முதலில் இறக்குங்கள். ஓஎம்ஆர் நெரிசலில் நாளுக்கு ஒரு மணி நேரமாவது மிஞ்சும், அதாவது ஒரு முறை பால் பீய்ச்சும் நேரம் மிஞ்சும். இரவுப் பணியைக் குழந்தைக்கு ஒரு வயதாகும்வரை கொடுக்காதீர்கள்.

திரும்பும் நாளைத் திங்களாக வைக்காமல் புதனாக வையுங்கள். முதல் வாரம் மூன்றே நாளில் முடியும். முதல் இரண்டு வாரம் நாளுக்கு 4 மணி நேரம், அடுத்த இரண்டு வாரம் 6 மணி நேரம், ஐந்தாம் வாரம் முழு நேரம். நாளுக்கு எட்டு மணி நேர வேலை, ஐந்து நாள் வாரம் என்றே கணக்கிட்டாலும் நீங்கள் இழப்பது 40ம் 20ம் சேர்த்து 60 மணி நேரம், அதாவது ஏழரை வேலை நாள். (ஏழரை நாள்தான், ஏழரை ஆண்டு இல்லை.) அவர் போய்விட்டால் அவர் இடத்துக்கு வருபவரின் பழைய நிறுவனம் விடுவிக்கும் காலமே 60, 90 நாள் என்பது உங்களுக்கு நாங்கள் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

முதல் நாள் மடிக்கணினி திறக்காது, கடவுச்சொல் காலாவதி, நுழைவட்டை செல்லாது. பிள்ளையை அழவிட்டு வந்தவர் உதவி மையத்தின் முன் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். மூன்று வேலை நாள் முன்பே சரிபார்த்தால் முடிந்தது. அவருடைய பழைய வேலை வேறொருவரிடம் போயிருக்கும். பெஞ்சில் உட்காரவைத்து 'இத்தனை நாளில் ப்ராஜெக்ட் தேடிக்கொள்' என்பது வெளியே போகச் சொல்லும் நாகரிகமான வழி. விடுப்பில் இருப்பவரின் பணி நிபந்தனைகளை அவருக்குப் பாதகமாக மாற்றுவதைச் சட்டம் தடுக்கிறது. ஆண்டு மதிப்பீட்டை அவர் வேலை செய்த மாதங்களுக்கு மட்டும் போடுங்கள். வராத ஆறு மாதத்தை வைத்துக் கடைசிப் படியில் தள்ளாதீர்கள்.

தயக்கம் சிலருக்கு நோயின் அறிகுறியாகவும் இருக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் அழுகை, தூக்கமின்மை, எதிலும் பிடிப்பின்மை இருந்தால் பேறுகால மனச்சோர்வாக இருக்கலாம்; இரத்தசோகையும் தைராய்டு கோளாறும் இதே முகத்தோடு வரும். எடின்பரோ அளவுகோல் என்ற பத்துக் கேள்விப் படிவம் உண்டு. அதை மருத்துவரோ செவிலியரோ கேட்கட்டும், நீங்கள் கேட்காதீர்கள், விடையும் கோப்புக்குள் வரவேண்டாம். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸ் எண் 14416 கட்டணமற்றது; திரும்பும் கடிதத்தின் அடியில் அதை அச்சிடுங்கள்.

இருபதாவது வாரத்தில் ஒருமுறை தொலைபேசுங்கள். 'எப்போது வருவீர்கள்' என்ற கேள்வியை விட்டு, பகலில் குழந்தையோடு யார் இருப்பார்கள், எந்த நேரம் வந்தால் வசதி, எத்தனை முறை பால் எடுக்கவேண்டியிருக்கும் என்று மூன்றே மூன்று கேளுங்கள். பேசுபவர் பெண்ணாக இருந்தால் நல்லது. ஆனால் அழைப்பதற்கு முன், நீங்களே அந்தப் பாலூட்டும் அறைக்குப் போய் உள்ளே தாழிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, செருகிக்குக் கை எட்டுகிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
பாலூட்டல் ஆலோசகர்கள், தொழிற்கூடச் செவிலியர்கள், தொழிலாளர் சட்ட ஆலோசகர்கள் சிலர்