அப்பாவை வழியனுப்ப வந்தவர்களுக்கு

அப்பா போய் பதினெட்டு நாள் ஆகிவிட்டது. பதினாறாம் நாள் காரியமும் முடிந்து, வந்த சொந்தமெல்லாம் ஊருக்குக் கிளம்பிய பிறகு இப்போதுதான் உட்கார்ந்து எழுத முடிகிறது.

எங்கள் பக்கம் பெண்கள் தெருமுனையோடு திரும்பிவிடுவதுதான் வழக்கம். அப்பாவுக்கு நாங்கள் இரண்டு பெண்கள் மட்டும். பங்காளி வீட்டுப் பையன் யாராவது கொள்ளி வைக்கட்டும் என்று பேச்சு எழுந்தபோது, "அவன் பெத்த பிள்ளை நிக்கும்போது இன்னொருத்தன் எதுக்கு?" என்று கேட்டு அதை அங்கேயே முடித்தீர்களே பெரியப்பா, முதல் நன்றி உங்களுக்குத்தான். வாய்க்கரிசி போட்ட கையோடு, வீட்டுக்குப் போகாமல் என் கூடவே திருச்சி ஓயாமரி சுடுகாடு வரைக்கும் வந்த அத்தைக்கும் சித்திக்கும் நன்றி. நீங்கள் வராமல் நான் மட்டும் போயிருந்தால் வாசலிலேயே உட்கார்ந்திருப்பேன்.

அப்புறம், சுடுகாட்டில் இருந்த அந்த அண்ணன். விறகும் வறட்டியும் அடுக்கி, அப்பாவைக் கிடத்தி, மேலே வைக்கோல் பரப்பிக் குழைத்த களிமண்ணைப் பூசினார். மண் எதற்கு என்று கேட்டேன், அந்த நேரத்திலும் கேட்கத் தோன்றியது. சூடு வெளியே போகாது, கொஞ்ச விறகிலேயே நின்று எரியும் என்றார். தலைமாட்டுக்கு வந்ததும் மண்ணை அள்ளி அப்பாமல், பச்சைக் குழந்தைக்கு எண்ணெய் தடவுவது மாதிரி விரலால் தடவினார். அதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நீர்க்குடத்தைத் தோளில் வைத்துச் சுற்றும்போது, சுற்றுக்கு ஓர் ஓட்டை போட, தண்ணீர் என் முதுகெல்லாம் வழிந்தது. மூன்றாவது சுற்றில் கால் பின்னியது. "மெதுவா வாம்மா, ஒண்ணும் அவசரமில்ல" என்றார். திரும்பி நின்று கொள்ளி வைத்தபோது என் மணிக்கட்டைப் பிடித்து இடம் காட்டியதும் அவர்தான். மறுநாள் பால் தெளிக்கப் போனால், சாம்பலை ஆற்றி, கால் தொடங்கித் தலைவரை எலும்புகளை வரிசையாக எடுத்துத் தயாராக வைத்திருந்தார். காவிரிக்கரை அம்மா மண்டபத்தில் கரைக்கும்வரை அந்த அஸ்திக் கலயத்தை அம்மா மடியை விட்டு இறக்கவேயில்லை.

சுடுகாட்டு ரசீதைப் பத்திரப்படுத்தி, 21 நாளுக்குள் இறப்பைப் பதிய வேண்டும் என்று நினைவூட்டிய பக்கத்து வீட்டு அக்கா, நேற்றுப் பதிந்துவிட்டோம். மூன்று நாள் எங்களுக்கும் சேர்த்து நீங்கள்தான் சமைத்தீர்கள்.

அண்ணே, அன்று உங்களிடம் சரியாகப் பேசக்கூட முடியவில்லை. வெள்ளிக்கிழமை அம்மாவை அழைத்துக்கொண்டு வருகிறேன்.