கொழுக்கட்டைப்புல்லைப் பிடுங்கும் ஊரிலிருந்து

டூசான், அரிசோனா
ஆடிப்பெருக்கு

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

இங்கு அனைவரும் நலம். அங்கு உங்கள் நலமும், கன்று ஈன்ற மாட்டின் நலமும் அறிய ஆவல்.

நான் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு, "வாசல் மொட்டையாகக் கிடக்கிறதே, நம் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்துக் கொழுக்கட்டைப்புல் விதை கொஞ்சம் அனுப்பட்டுமா?" என்று கேட்டீர்கள், அப்பா. தயவுசெய்து அனுப்ப வேண்டாம். ஏன் என்று தொலைபேசியில் சொல்லி முடியாது என்பதால்தான் இந்தக் கடிதம்.

இந்த ஊரில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சுமார் 280 மில்லிமீட்டர். நம் காங்கேயத்து மழையைவிட மிகக் குறைவு. அதிலும் பாதியளவு ஜூலை முதல் செப்டம்பர் வரை, மாலை நேரத்து இடிமழையாகக் கொட்டித் தீர்த்துவிடுகிறது. இவர்களும் அதை 'மான்சூன்' என்றே சொல்கிறார்கள். அரை மணி நேரம் தெருவே ஆறாக ஓடும், மறுநாள் மண் காய்ந்து கிடக்கும். குடிக்கும் தண்ணீரோ கொலராடோ ஆற்றிலிருந்து 500 கிலோமீட்டருக்கும் மேல் கால்வாய் வழியாக, மேடேற்றி இறைத்துக் கொண்டுவரப்படுகிறது. அப்படி வந்த தண்ணீரை ஊற்றித்தான் இந்த வீட்டின் முன்னாள் உரிமையாளர் புல்தரை வளர்த்திருந்தார். அது என்ன புல் என்று குனிந்து பார்த்தேன்: நம் அருகம்புல்லேதான்! இங்கே அதற்குப் பெர்முடா புல் என்று பெயர். அருகுபோல் வேரோடி என்று வாழ்த்துவதன் பொருள், அதைத் தோண்டி எடுக்க இரண்டு கோடைகள் பிடித்தபோதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. அம்மா வருத்தப்பட வேண்டாம், பிள்ளையார் சதுர்த்திக்காக ஒரு தொட்டியில் மட்டும் விட்டுவைத்திருக்கிறேன்.

புல்லை எடுத்த பிறகு, மழைநீர் தேங்கி இறங்குவதற்காகத் தரையை மேடாக்காமல் பள்ளமாக்க வேண்டும் என்றார்கள் இந்த ஊர்க்காரர்கள். வாசலிலும் பக்கவாட்டிலும் முழங்கால் ஆழத்துக்கு அகலமான பள்ளங்கள் தோண்டி, கூரைத் தண்ணீரை அவற்றில் இறக்க வேண்டும். சுவருக்குப் பத்தடியாவது தள்ளித் தோண்ட வேண்டும், இல்லையென்றால் அடித்தளம் கெட்டுவிடும். ஓரடி தோண்டியதும் கடப்பாரை 'ணங்' என்றது. இங்கே கலீச்சி என்கிறார்கள். நம் கிணற்று வெட்டில் வந்த அதே சுக்கான்கல். அதை உடைத்த நாட்களில் உங்களை நினைக்காத நேரமில்லை. கணக்கு மிக எளிது: ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். எங்கள் கூரை 120 சதுர மீட்டர். 25 மில்லிமீட்டர் பெய்தால் 3,000 லிட்டர், சேதாரம் போக அதில் பெரும்பகுதி கைக்கு வரும். ஒரு பகுதி தகரத் தொட்டிக்குப் போகிறது, கொசு புகாமல் வாயில் வலை கட்டியிருக்கிறது, மீதி பள்ளங்களுக்கு. பள்ளத்துக்குள் மரச்சீவல் மூடாக்கு கனமாகப் போட்டிருப்பதால் ஒரு நாளைக்குள் தண்ணீர் இறங்கிவிடுகிறது, கொசு முட்டையிட்டுப் பொரிக்க அவகாசமில்லை.

தெருவில் ஓடும் வெள்ளத்தையும் விடுவதில்லை. தெருவோரச் சிமெண்டுக் கரையில் ஒரு முழ அகலத்துக்கு வெட்டிவிட்டால், நடைபாதையோரப் பள்ளத்துக்குள் அது தானாகப் பாய்ந்து மரத்தை நனைக்கும். பிராட் லங்காஸ்டர் என்ற இந்த ஊர் மழைநீர் சேகரிப்பு ஆர்வலர் தம் வீட்டு வாசலில் முதலில் அனுமதியில்லாமல்தான் இப்படி வெட்டினாராம். பிற்பாடு மாநகராட்சியே விதிமுறை வகுத்து அனுமதித்துவிட்டது. 2008-இல் இன்னொரு விதியும் கொண்டுவந்தார்கள்: புதிய வணிகக் கட்டடங்களின் செடிகொடிகளுக்கு வேண்டிய தண்ணீரில் பாதி மழைநீராக இருக்க வேண்டும்.

நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் எப்படியும் கண்டுபிடித்துவிடுவீர்கள். பள்ளத்துக்குக் கலிங்கு வைக்கவில்லை. குளம் வெட்டினால் முதலில் தண்ணீர் வெளியேறும் வழியைப் பார் என்று நீங்கள் எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள்! முதல் பெருமழையில் கரை உடைந்து, மரச்சீவல் முழுவதும் பக்கத்து வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் போய்ச் சேர்ந்தது. மறுநாள் காலையில் கூடையோடு போய் அள்ளி வந்தேன். இப்போது கல் பாவிய கலிங்கு ஒன்று இருக்கிறது.

இனி மரத்துக்கு வருகிறேன். வாசலுக்கு நிழல் தர என்ன வைக்கலாம் என்று நாற்றுப்பண்ணையில் கேட்டபோது அவர்கள் காட்டிய முதல் கன்றைக் கண்டு நான் ஓரடி பின்னால் நகர்ந்தேன். முள், இலை, தொங்கும் காய் எல்லாம் அப்படியே சீமைக்கருவேலம்! மெஸ்கீட் என்ற அந்த மரம் அதற்கு மிக நெருங்கிய உறவு. 2017-இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டு, ஊர் ஊராக நாம் வேரோடு பிடுங்கினோமே, அதன் பங்காளியை இங்கே பணம் கொடுத்து வாங்கி வைக்கிறார்கள். காயை அரைத்து மாவாக்கி ரொட்டி சுடுகிறார்கள், இனிப்பாகத்தான் இருக்கிறது. இந்த மண்ணின் பூர்வகுடிகளான தோஹோனோ ஓதாம் மக்களுக்கு அது பரம்பரை உணவு. இந்த மரத்தோடு சேர்ந்தே வளர்ந்த வண்டுகள் விதையைத் துளைத்துத் தின்றுவிடுவதால், அது காலூன்றும் வேகம் ஓரளவு கட்டுப்படுகிறது. அந்த வண்டுகளோடு சேர்த்தா நாம் இறக்குமதி செய்தோம்? அதன் கீழே இந்தப் பாலைவனத்துச் செடிகளையே வைத்திருக்கிறேன். பாலைவன வில்லோ என்ற சிறுமரத்தின் பூவுக்கு, நம் தேன்சிட்டைவிடச் சின்னதான ஒரு குருவி அந்தரத்தில் நின்றபடியே தேன் குடிக்க வருகிறது. கிரியோசோட் புதர் ஒன்றும் இருக்கிறது. மழை வருவதற்கு முன் காற்றில் அதன் வாசனை வரும், இந்த ஊருக்கு அதுதான் மண்வாசனை.

இப்போது உங்கள் விதை விஷயம். கொழுக்கட்டைப்புல்லை இங்கே பஃபெல் புல் என்கிறார்கள். மாட்டுத் தீவனத்துக்கும் மண்ணரிப்பைத் தடுக்கவும் 1930-களில் இவர்களே கொண்டுவந்ததுதான். இந்தப் பாலைவனத்தில் செடிக்குச் செடி இடைவெளி விட்டே வளரும், இடையில் வெறும் தரை. அதனால் எங்காவது தீப்பிடித்தாலும் பரவாது. அந்த இடைவெளியை எல்லாம் இந்தப் புல் நிரப்பிவிட்டது. காய்ந்த புல் பிடித்துக்கொண்டால், இடுப்பளவு உயரத்துக்கு வளரவே பல பத்தாண்டுகள் எடுத்துக்கொள்ளும் சவாரோ கள்ளிகள் ஒரே நாளில் வெந்து போகின்றன, புல் மட்டும் அடுத்த மழையில் துளிர்த்துவிடுகிறது. நம் கொறங்காட்டில் கிளுவை வேலிக்குள், வெள்வேல நிழலில் மாடு மேய்ந்து மேய்ந்து அளவோடு நின்ற புல்தான் இது என்றால் இங்கே யாரும் நம்புவதில்லை.

சனிக்கிழமைகளில் மலையடிவாரத்துக்குப் போய் அதைத் தோண்டி எடுக்கும் தன்னார்வலர்களோடு நானும் போகிறேன். தூரத்திலிருந்தே அதன் கதிரை அடையாளம் சொல்லிவிடுவதால் என்னைப் பெரிய நிபுணனாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சென்ற வாரம் ஒரு தூரைப் பிடுங்கும்போது, பள்ளி விட்டு வரும் வழியில் கன்றுக்குட்டிக்குப் பறித்து வந்தது நினைவுக்கு வந்து கை கொஞ்சம் நின்றது. பிறகு பிடுங்கிவிட்டேன்.

ஒரு வேண்டுகோள். 2003-இல் அரசு கட்டாயமாக்கியபோது நாம் வெட்டிய மழைநீர்க் குழியின் மேல் இப்போது தீவன மூட்டை அடுக்கியிருக்கிறது என்று தம்பி சொன்னான். ஐப்பசி மழைக்கு முன் மூட்டைகளை நகர்த்தி, தூர் வாரி, ஜல்லியைக் கழுவிப் போடச் சொல்லுங்கள். கூரைக் குழாய் இன்னும் அதில் சேர்கிறதா என்றும் பாருங்கள். ஆள்கூலி எவ்வளவு என்று தெரிவித்தால் அனுப்பி வைக்கிறேன்.

மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வருகிறது. தொட்டி வலையில் இலை அடைத்திருக்கும், போய் எடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகன்