கண்ணோட்டமும் ஒரு கையெழுத்தும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இளமையில் இருந்த தமக்கு இன்று என்ன அறிவுரை சொல்வார்கள் என்று மூத்த வாசகர்கள் எழுதும் கடிதங்களைத் தங்கள் நாளிதழில் சில வாரங்களாகப் படித்து வருகிறேன். சிக்கனமாக இரு, நடைப்பயிற்சியை விடாதே, பெற்றோருடன் நேரம் செலவிடு என்பவையே பெரும்பாலும் காணப்படுகின்றன. தவறில்லை, ஆனால் இவற்றையெல்லாம் அந்த வயதிலேயே நாம் கேட்டுச் சலித்திருந்தோம். எனக்கு அன்று யாரும் விளங்கச் சொல்லாதது தாட்சண்யத்தைப் பற்றியது.

1988இல் எனக்கு வயது 27. அரசு அலுவலகம் ஒன்றில் இளநிலை உதவியாளராக இருந்தேன். கோப்பில் குறிப்பு எழுதுவது முதல் மேலதிகாரியிடம் விடுப்புக் கேட்பது வரை எனக்குக் கற்றுக்கொடுத்தவர், என்னைவிட எட்டு ஆண்டுகள் மூத்த உதவியாளர் ஒருவர். ஒரு மாலை அவர் பணியாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கத்தின் கடன் விண்ணப்பத்தை என் மேசைமீது வைத்து, பிணையாளருக்கான இடத்தைக் காட்டி, “தம்பி, இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்க” என்றார். தொகை எவ்வளவு என்றுகூட நான் பார்க்கவில்லை. பார்ப்பதே அவரை அவமதிப்பதாகும் என்று நினைத்தேன். இரண்டு ஆண்டுகளுக்குள் அவர் வேலைக்கு வருவது நின்றது. பிறகு ஊரிலும் இல்லை. என் சம்பளத்தில் மாதம் 250 ரூபாய் வீதம் 41 மாதங்கள் பிடித்தம் செய்தார்கள். முழுச் சம்பளமே அப்போது 1,500 ரூபாயைத் தாண்டாது. 1997இல் திருச்சி மத்தியப் பேருந்து நிலையத்தில் அவரைப் பார்த்தேன். பிடித்தம் முடிந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தும், இருவரும் பார்க்காதவர்கள்போல ஆளுக்கொரு பக்கம் நகர்ந்தோம்.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்பட்டிருந்தாலன்றி, பிணையாளரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமமானது என்று 128ஆம் பிரிவில் கூறுகிறது. கடனாளியிடம் கேட்டுப் பார்த்து, அங்கே வசூலாகாவிட்டால்தான் நம்மிடம் வருவார்கள் என்று ஜாமீன் போடுபவர்களில் பலர் இன்றும் நம்புகிறார்கள். அப்படி ஒரு கட்டாயம் கிடையாது. கட்டிய பணத்தைக் கடனாளியிடமிருந்து மீட்கும் உரிமையை 145ஆம் பிரிவு தருகிறது என்றாலும், ஊரைவிட்டுப் போனவரிடம் அந்த உரிமையை எங்கே போய்க் கேட்பது? அரசாணைகளை வரி வரியாகப் படித்து மற்றவர்களுக்கு விளக்கும் வேலையில் இருந்துகொண்டே, இதைப் பிடித்தம் தொடங்கிய பிறகுதான் தெரிந்துகொண்டேன் என்பது என் படிப்புக்குப் பெருமை சேர்ப்பதன்று.

பள்ளியில் திருக்குறளின் ‘கண்ணோட்டம்’ அதிகாரத்தை ஒப்பித்துப் பரிசு வாங்கியவன் நான். பழகியவரைக் கண்டால் அவர் சொன்னதை மறுக்கமாட்டாமையே கண்ணோட்டம் என்பது பரிமேலழகர் தரும் விளக்கம். பழகியவர் கண்ணெதிரே நஞ்சை ஊற்றித் தந்தாலும் உண்டு அமைபவரைப் பற்றிய ‘பெயக்கண்டும் நஞ்சுண் டமைவர்’ என்ற கடைசிக் குறள்தான் இளமையில் என் மனத்தில் நின்றது. அதில் ஒரு வீரம் தெரிந்தது. அதற்கு இரண்டு குறள் முன்னதாக, ‘கருமம் சிதையாமல் கண்ணோட வல்லார்க்கு உரிமை உடைத்திவ் வுலகு’ என்று, தன் கடமை கெடாமல் கண்ணோட்டம் காட்டச் சொல்லி அதே வள்ளுவர் விதித்த நிபந்தனை நாவில் இருந்ததே தவிரப் புத்தியில் ஏறவில்லை. அது அரசனுக்குச் சொன்னது என்பார்கள். மாதச் சம்பளக்காரனுக்கும் சிதைவதற்கு ஒரு கருமம் உண்டு.

இதோடு முடிந்திருந்தால், யாருக்கும் ஜாமீன் போடாதே என்று ஒரே வரியில் எழுதியிருப்பேன். ஆனால் அந்த 41 மாதங்களுக்குப் பிறகு நான் ‘தாட்சண்யம் தன நாசம்’ என்ற பழமொழியை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். 2009இல் என் தங்கை மகனுக்கு அவன் விரும்பிய பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தது. 4 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கல்விக் கடனுக்கு வங்கிகள் மூன்றாம் நபரின் பிணை கேட்ட காலம் அது. 5 லட்சத்துக்கு என் கையெழுத்தைக் கேட்டுத் தங்கை வந்தாள். வீட்டுக் கடன் நிலுவையில் இருப்பதால் முடியாது என்றேன். அது பொய், அந்தக் கடனை முந்தைய ஆண்டே அடைத்திருந்தேன். பையன் கடனே தேவைப்படாத அரசு கலைக் கல்லூரியில் சேர்ந்து படித்து, இன்று நல்ல வேலையில் இருக்கிறான். தீபாவளிக்கு வந்து காலில் விழுகிறான். அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. பிடித்தம் போன பணம் எனக்கு மறந்துவிட்டது; இது மறக்கவில்லை.

ஆகவே அந்த 27 வயதுக்காரனிடம் நான் சொல்ல விரும்புவது இது. கேட்டவுடன் கையெழுத்திடாதே, கேட்டவுடன் மறுக்கவும் செய்யாதே. “நாளைக்குச் சொல்றேன் அண்ணே” என்று சொல்லிப் படிவத்தை வீட்டுக்கு எடுத்துப் போய், தொகை முழுவதும் போனாலும் வீட்டில் அடுப்பு எரியுமா, போன பிறகும் இவர் முகத்தில் விழிக்க முடியுமா என்று மனைவியோடு உட்கார்ந்து யோசி. தாங்கும் என்றால், போனதாகவே கணக்கு எழுதிவிட்டுக் கையெழுத்திடு. தாங்காது என்றால், கையில் இருப்பதில் ஐந்நூறோ ஆயிரமோ திரும்பி வராது என்ற எண்ணத்தோடு கொடுத்துவிட்டு, காரணத்தை உள்ளபடி சொல். பிணையாளரின் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையிலும் அந்தக் கடன் ஏறிவிடும் இந்நாளில், இது எனக்கு மட்டும் உரிய பழங்கதையும் அல்ல.

கடைசியாக ஒரு வேண்டுகோள். என் தங்கை மகன் தங்கள் நாளிதழின் வாசகன். வீட்டுக் கடன் பற்றிய உண்மையை அவனிடம் நான் இன்னும் சொல்லவில்லை. இக்கடிதத்தை வெளியிடுவதாக இருந்தால், அருள்கூர்ந்து வரும் ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு வெளியிடுங்கள். அன்று அவன் வீட்டுக்குப் போகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு ஊழியர் ஒருவர்,
கும்பகோணம்.