கணினி அறையில் அந்த ஒரு பாடவேளையைத் திருப்பித் தாருங்கள்

பள்ளித் தாளாளர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும்,

வணக்கம். விடுமுறையில் தேர்வு மென்பொருள் போடுவதற்காகக் கணினிகள் அனைத்தையும் ஃபார்மட் செய்தீர்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள், கட்டைகளை அடுக்கிக் கட்டும் கணினி விளையாட்டான மைன்கிராஃப்டில் கட்டிய தஞ்சைப் பெரிய கோயிலும் அதோடு போய்விட்டது. அது அந்தக் கணினியில்தான் சேமிக்கப்பட்டிருந்தது. முந்தின நாள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பென் டிரைவில் எடுத்து வைத்திருப்பேன். இப்போது, விளையாட்டுக்கு இனி பாடவேளை இல்லை என்று சுற்றறிக்கையும் வந்துவிட்டது.

அந்த வகுப்பில் நடந்ததைக் கொஞ்சம் கேளுங்கள். கோயில் விமானத்தின் (கருவறைக்கு மேலுள்ள கோபுரத்தின்) உயரம் சுமார் 216 அடி. விளையாட்டில் ஒரு கட்டை ஒரு மீட்டர் என்பதால் 66 கட்டை. அடிப்பகுதி ஏறத்தாழ 30 மீட்டர் சதுரம் என்று 30 கட்டையைப் பரப்பினார்கள். சுவர் பாதி எழும்பிய பிறகுதான் ஒரு மாணவி கண்டுபிடித்தாள்: இரட்டை எண் வைத்தால் ஒரு கட்டை அகல வாசல் நடுவில் வராது! 29-ஆ, 31-ஆ என்று வகுப்பே இரண்டுபட்டது. சுவரைப் பிரித்து 31 வைத்தார்கள். அப்புறம் 13 நிலைகளும் எப்படிச் சிறுத்துக்கொண்டே போகின்றன என்று புகைப்படத்தில் அளவுகோல் வைத்து அளந்து, கிராஃப் தாளில் குறித்தார்கள். 1010-இல் கிரேன் இல்லாமல் இவ்வளவு உயரத்துக்குக் கல்லை எப்படி ஏற்றினார்கள் என்ற கேள்வி, நான் கேட்காமலே வந்தது. புத்தகத்தை வாசித்துக் காட்டிய ஆண்டுகளில் ஒரு பிள்ளைகூட அதைக் கேட்டதில்லை.

பள்ளி திறந்ததும், "மிஸ், நம்ம கோயில் எங்கே?" என்றார்கள். பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்.

இது பாடத்துக்கு உதவுமா என்று கேட்கிறீர்கள். ஹார்வர்டில் 'ரிவர் சிட்டி' என்று ஒரு மெய்நிகர் ஊரையே பாடத்துக்காக உருவாக்கினார்கள். 19-ஆம் நூற்றாண்டு ஊர் அது. மக்கள் ஏன் நோயில் விழுகிறார்கள் என்று மாணவர்களே அலைந்து கண்டறிய வேண்டும். மைன்கிராஃப்டின் சந்தாதான் தடை என்றால், அதே போலக் கட்டைகளால் கட்டும், முன்பு மைன்டெஸ்ட் என்ற பெயரில் இருந்த 'லுவாண்டி' இலவசம். இணையம் இல்லாமலே ஓடும்.

நம் பள்ளியின் சேர்க்கை விளம்பரத்தில் விஆர் (மெய்நிகர் காட்சி) கண்ணாடி மாட்டிய குழந்தையின் படம் இருக்கிறது. அந்தக் கண்ணாடிகள் அலமாரியில் பூட்டிக் கிடக்கின்றன. ஸ்மார்ட் போர்டு கதையும் அதேதான். வாங்கும்போதும் ஆசிரியர்களைக் கேட்பதில்லை, நிறுத்தும்போதும் கேட்பதில்லை. வகுப்பில் நிற்பவர்கள் நாங்கள் அல்லவா?

மன்னிக்கவும், கேட்க வந்தது இதுதான்: வாரம் ஒரு பாடவேளை. அதைத் திருப்பித் தாருங்கள். இனி எந்தக் கணினியை அழிப்பதானாலும் ஒரு நாள் முன்னதாகச் சொல்லுங்கள். புதிய கால அட்டவணை ஒட்டப்படும் முன் தங்கள் பதிலைத் தயவுசெய்து தெரிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஏழாம் வகுப்பு சமூக அறிவியல் ஆசிரியை