பழைய சர்வரில் கிடக்கும் செய்திகளை மீட்டுத் தாருங்கள்

தமிழ் நாளிதழ்களின் ஆசிரியர்களுக்கும் இணையப் பிரிவைக் கவனிக்கும் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

டெல்டா பகுதியிலுள்ள ஒரு கல்லூரியில் இதழியல் பாடம் எடுக்கிறேன். ஆண்டுதோறும் மாணவர்களை ஒரு நாளிதழ் அலுவலகத்துக்கு அழைத்துப் போவது எங்கள் துறையின் வழக்கம். இந்த முறை சென்னையில், பல ஊர்ப் பதிப்புகள் கொண்ட ஒரு பெரிய நாளிதழுக்குப் போனோம். வேலை நெருக்கடியிலும் எங்களுக்கு நேரம் ஒதுக்கி, பிள்ளைகள் கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார்கள். அந்த நன்றியோடுதான் இதை எழுதுகிறேன். நான் கேட்கப்போவது அந்த ஒரு அலுவலகத்திடம் மட்டும் கேட்க வேண்டியது இல்லை என்பதால் உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

முன்பெல்லாம் மாணவர்கள் அசந்து நிற்பது அச்சுக்கூடத்தில்தான். இப்போது இணையப் பிரிவின் சுவரில் இருக்கும் பெரிய திரைக்கு முன்னால்தான் கூட்டம். இந்த நிமிடம் எந்தச் செய்தியை எத்தனை பேர் படிக்கிறார்கள், கூகுள் வழியாக வந்தார்களா வாட்ஸ்அப்பில் வந்த இணைப்பைத் தொட்டு வந்தார்களா என்பதெல்லாம் அதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. நாங்கள் இருந்தபோது மழை விடுமுறை அறிவிப்பு ஒன்று வந்தது. நிருபர் போனில் சொல்லச் சொல்ல உதவி ஆசிரியர் இரண்டு வரி தட்டி ஏற்றினார். அப்புறம் ஒவ்வொரு மாவட்டமாக அதே செய்தியில் சேர்ந்துகொண்டே போனது. முதலில் ஏற்றிய இரண்டு வரி எப்படி இருந்தது என்று அரை மணி நேரம் கழித்துப் பார்க்க நினைத்தால் அது அங்கே இல்லை.

அடுத்த மேசையில் நடந்ததை மாணவர்கள் பெரிதாகக் கவனிக்கவில்லை. நான் அங்கேதான் நெடுநேரம் நின்றேன். அச்சுப் பக்கங்களின் வடிவமைப்பு அங்கே இன்னமும் பழைய எழுத்துருவில்தான் நடக்கிறது. பக்கத்துக்குப் போன செய்தியை ஒருவர் நகலெடுத்து, எழுத்துருவை மாற்றும் மென்பொருளான மாற்றியில் ஒட்டி, எல்லாக் கணினிகளும் படிக்கும் பொதுக் குறியாக்கமான யூனிகோடாக்கி, கண்ணால் ஒருமுறை மேய்ந்துவிட்டுத் தளத்தில் ஏற்றுகிறார். இரவு முழுக்க இதே வேலை. இதன் விளைவு தேடும்போது தெரிந்தது. எங்கள் மாணவர் ஒருவர் அந்தத் தளத்தில் ‘கௌரவ விரிவுரையாளர்’ என்று தேடினார். கொஞ்சம் செய்திகள்தான் வந்தன. ஒற்றைக் கொம்பு போட்டு, ‘க’வுக்குப் பக்கத்தில் ‘ள’ தட்டி ‘கெளரவ’ என்று தேடியதும் இன்னொரு குவியல் வந்து விழுந்தது. பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், கணினிக்கு அவை வேறு வேறு எழுத்துகள். விரிவுரையாளர்களின் பணி நிரந்தரப் போராட்டத்தை ஆராய வரும் ஒருவருக்கு அதில் பாதி கண்ணிலேயே படாமல் போகும்.

இதுவாவது இருக்கும் செய்தி. இல்லாமலே போன செய்தியைப் பற்றித்தான் நான் சொல்ல வந்தேன்.

மாணவிகளில் ஒருவர் கும்பகோணத்துக்காரர். 2004 ஜூலை 16 அன்று அங்கே பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் இறந்தபோது அவர் பிறந்திருக்கவில்லை. கேட்டே வளர்ந்தவர். அலுவலக நூலகத்தில் அந்த மாதத்துத் தொகுதியை எடுத்துக் கொடுத்தார்கள். மறுநாள் இதழின் முதல் பக்கத்தை அவர் நின்றபடியே படித்து முடித்தார். பிறகு கேட்டார்: “அன்னைக்குப் பகல்ல உங்க வெப்சைட்ல வந்ததைப் பார்க்க முடியுமா சார்? முதல்ல எத்தனை பேருன்னு போட்டீங்க, எப்ப மாத்துனீங்கன்னு தெரிஞ்சுக்கணும்.” ஓர் இதழியல் மாணவி கேட்க வேண்டிய கேள்வி அது. பொறுப்பில் இருந்தவர் மறைக்காமல் சொன்னார்: “அது இல்லம்மா. நடுவுல சர்வர் மாத்துனப்ப போயிடுச்சு.”

இப்படிப் போனதற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது என்பது எனக்குத் தெரியும். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் நம் நாளிதழ்கள் இணையத்துக்கு வந்தபோது தமிழுக்குப் பொதுவான குறியாக்கமே, அதாவது எந்த எழுத்துக்குக் கணினியில் எந்த எண் என்ற ஒழுங்கே, புழக்கத்தில் இல்லை. ஆளுக்கொரு எழுத்துரு. அதை ஒழுங்குபடுத்தத்தான் 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடி, டாப், டாம் குறியாக்கங்களைப் பரிந்துரைத்தது. தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது 2010இல்தான். இடைப்பட்ட காலத்தில் வாசகர் எழுத்துருவை இறக்கி நிறுவ வேண்டும், அல்லது பக்கத்தோடு சேர்ந்தே இறங்கும் எழுத்துருவை நம்ப வேண்டும். நெட்ஸ்கேப்புக்கு ஒரு வகைக் கோப்பு, இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு வேறு வகை. இன்றைய பிரவுசர்கள் இரண்டையுமே திறப்பதில்லை. அதனால் பழைய இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ் அந்தக் காலத்துப் பக்கத்தைக் காப்பாற்றி வைத்திருந்தாலும், திறந்தால் தமிழ் தெரியாது. ஆங்கில எழுத்தும் குறியீடுமாக ஏதோ கலந்து கிடக்கும். உரிய மாற்றியில் போட்டால் அது மறுபடி தமிழாகிவிடும் என்பதுதான் இதில் நல்ல செய்தி. அதற்கு எந்த எழுத்துரு, எந்தக் குறியாக்கம் என்று தெரிந்த ஆட்கள் வேண்டும். அவர்கள் உங்கள் அலுவலகங்களில் ஓய்வுபெறும் வயதில் இருக்கிறார்கள்.

அச்சு இதழுக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. நூல்களைப் பொது நூலகங்களுக்கு அனுப்ப 1954இல் வந்த சட்டத்தில் 1956இல் நாளிதழ்களையும் சேர்த்தார்கள். அதனால்தான் எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்கு உங்கள் இதழ் போகிறது. இணையத்தில் மட்டும் வந்த செய்தியை அந்தச் சட்டம் கேட்பதில்லை. நீங்கள் பத்திரப்படுத்தாவிட்டால் வேறு யாரும் பத்திரப்படுத்தப்போவதில்லை.

சிங்கப்பூரில் 1935இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்கள் தேசிய நூலக வாரியத்தின் மின்காப்பகத்தில் உள்ளன. அது அரசாங்கம் செய்த வேலை, விட்டுவிடுவோம். 1981இல் யாழ்ப்பாண நூலகத்தையும் ஈழநாடு நாளிதழ் அலுவலகத்தையும் தீக்குப் பறிகொடுத்த மக்கள், 2005 முதல் ‘நூலகம்’ என்ற மின்னூலகத்தில் பழைய பத்திரிகைகளைத் தன்னார்வலர்களைக் கொண்டு ஸ்கேன் செய்து சேர்த்துவருகிறார்கள். நம்மிடம் யாரும் தீ வைக்கவில்லை. சர்வர் மாற்றியபோதும் தளத்தைப் புதுப்பித்தபோதும் நாமே விட்டுவிட்டோம்.

விளம்பர வருமானம் கூகுளுக்கும் மெட்டாவுக்கும் போகும் காலத்தில் இதற்கெல்லாம் ஏது பணம் என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். அதனால் பெரிதாக எதையும் கேட்கவில்லை. உங்கள் கிடங்கில், பழைய சிஸ்டம் அட்மின் அலமாரியில், எங்காவது பேக்கப் குறுந்தகடுகளும் வன்வட்டுகளும் கிடக்கும். தூக்கிப் போடுவதற்கு முன் ஒரு பிரதி எடுத்து தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திடமோ தமிழ் இணையக் கல்விக்கழகத்திடமோ கொடுத்துவையுங்கள். தளத்தைப் புதுப்பிக்கும்போது பழைய இணைப்புகளை அறுத்துவிடாமல் புதிய முகவரிக்குத் திருப்பிவிடுங்கள். நம் மாணவர்களின் ஆய்வேடுகளில் அடிக்குறிப்பாகக் கொடுத்த இணைப்புகளில் பல இன்று எங்கும் போவதில்லை. பெரிய விபத்து, தேர்தல், புயல் போன்ற நாட்களில் ஒரே செய்தியைப் பலமுறை திருத்துகிறீர்களே, அந்த முந்தைய வடிவங்களையும் அழிக்காமல் உள்ளேயாவது வைத்திருங்கள். இன்றே வெளியிட வேண்டும் என்று கேட்கவில்லை.

அப்புறம், பார்வையிட வரும் மாணவர்களுக்கு அந்தப் பெரிய திரையைக் காட்டுவதோடு நிறுத்தாதீர்கள். அடுத்த மேசையில் செய்தியை மாற்றியில் ஒட்டிக்கொண்டிருக்கும் மனிதரிடமும் அழைத்துப் போங்கள். டிஜிட்டலுக்கு மாறுவது என்றால் வீடியோவும் ரீல்ஸும் மட்டும் என்று நினைத்துக்கொண்டு வேலைக்கு வருகிறார்கள். இந்த வேலையும் அதில் சேர்த்திதான் என்று அவர்களுக்கு யார் சொல்வது?

ஆள் இல்லை என்றால் நாங்கள் இருக்கிறோம். கோடை விடுமுறையில் பயிற்சிக்கு இடம் தேடி எல்லாக் கல்லூரி மாணவர்களும் உங்கள் வாசலுக்கு வருகிறார்கள். அவர்களில் சிலரைப் பழைய கோப்புகளை மாற்றிச் சரிபார்க்கும் வேலையில் உட்கார வையுங்கள். ‘ௌ’ எது, ‘ெ’வும் ‘ள’வும் எது என்று பார்த்துத் திருத்த எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும், தெரியாததைக் கற்றுக்கொடுத்து அனுப்புவது என் பொறுப்பு. எங்கள் துறையிலிருந்து அடுத்த பருவத்திலேயே அனுப்பத் தயாராக இருக்கிறோம். அவர்களுக்கு ஒரு மேசை, ஒரு கணினி, அந்தப் பழைய எழுத்துருக்களை அறிந்த ஒரு மூத்தவர் வேண்டும். உங்களில் யார் முதலில் கூப்பிட்டாலும் வருகிறோம்.

இப்படிக்கு,
இதழியல் ஆசிரியர் ஒருவர்